மாயத்துக்கு என்ன விலை? சமீபத்தில் படித்த நாவல்கள்

சேலத்தில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். சமீபத்தில் மாயக்கதை, பேய்க்கதை, அறிவியல் புனைகதை என்று என்னென்ன படித்தீர்கள்? சுஜாதாவைத் தவிர வேறு யாரையும் படிக்காத, ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும் ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்? தமிழில் இந்த மாதிரி ஏன் எதுவுமே இல்லை?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தம்பி. வேறு ஊர்க்காரர் கேட்டால்கூடச் சரி, சேலத்துக்காரர் கேட்கக் கூடாத கேள்வி அது. ஏற்காடு ரோட்டில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு கைகோத்து அவர்கள் 1952இல் ‘காடு’ என்று ஒரு படம் எடுத்தார்கள். ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. யானைகள் திடீரென்று ஊருக்குள் புகுந்து அழிக்கின்றன. என்ன காரணம் என்று பார்க்க ஒரு குழு காட்டுக்குள் போகிறது. எப்போதோ பூமியை விட்டுப் போய்விட்டதாக எல்லோரும் நினைத்த மாமூத்துகள், அதாவது ரோமம் மூடிய பழங்கால யானைகள், அங்கே உயிரோடு திரிகின்றன. இந்தியாவின் முதல் அறிவியல் புனைகதைப் படம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அது நம் ஊர்க் கம்பெனியின் படம்.

படத்தை விடுங்கள். கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போயிருந்தால் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். குரு வெளியே போயிருக்கிறார், வயதான சீடர் சோறு பொங்குகிறார். கிளற ஒரு குச்சியை ஒடித்துப் போடுகிறார், சோறு முழுக்கக் கறுத்துவிடுகிறது. குரு வந்தால் திட்டுவாரே என்ற பயத்தில் அந்தக் கறுத்த சோற்றைத் தானே சாப்பிட்டுவிடுகிறார். உடனே இளைஞனாகிவிடுகிறார். சேர்வராயன் மலை உச்சிக் குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை உள்ளே உள்ளே போய்க் காவிரி வரைக்கும் நீள்கிறது என்பது மலை ஜனங்களின் பேச்சு. எனவே கற்பனைக்கு இங்கே பஞ்சமே கிடையாது.

பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. கஞ்சமலைச் சீடர் இளைஞனாகிவிட்டார், சரி. அடுத்த நாள் காலையில் அவர் ஊருக்குள் இறங்கிப் போனால் என்ன ஆகும்? கூடப் பிறந்த தங்கை உயிரோடு இருந்தால், கிழவியான அவள் இந்தப் பையனைப் பார்த்து என்ன சொல்வாள்? அவர் வயதுச் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்போது அவருக்கு எப்படி இருக்கும்? அந்தக் குச்சி எந்த மரத்துடையது என்று கேட்டு ஊரே துரத்தாதா? நம் கதை அற்புதம் நடந்த இடத்தில் கும்பிட்டு நின்றுவிடுகிறது. நாவல் அங்கேதான் தொடங்குகிறது. அற்புதத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள், எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்று விடாமல் கேட்டு எழுதிய நீளமான நாவல்கள் நம்மிடம் குறைவு. எனக்குப் பிடித்துப்போன எல்லாப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. பாதியில் மூடி வைத்த புத்தகங்களில் இது இல்லை. மந்திரவாதி கையை வீசுவார், மலை பிளக்கும், அடுத்த அத்தியாயத்தில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதிரிப் புத்தகங்களில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

சரி, படித்தவற்றுக்கு வருகிறேன். இந்த மழைக்காலத்தில் பெரும்பாலும் ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில் இருக்கும் அக்கா வீட்டில் உட்கார்ந்து படித்தேன். காபித் தோட்டத்துக்கு நடுவில் வீடு. மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் முற்றத்துச் சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே படிக்கவென்றே எழுதியது போல இருந்தது அர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’. 1968இல் வந்த சின்ன நாவல். உலகம் முழுக்கக் கடலும் தீவுகளும்தான். கோண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு பையன். தாய் இல்லை, அப்பா கொல்லர், பெரியம்மா முறையில் இருப்பவள் ஊர் மந்திரக்காரி. கூரையில் ஏறிக்கொண்ட ஆட்டை அவள் ஏதோ ஒரு சொல் சொல்லிக் கீழே இறக்குவதைப் பார்க்கிறான். மறுநாள் மேய்ச்சலில் அதே சொல்லைக் கத்துகிறான். ஆடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் வந்து அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. போகச் சொன்னால் போவதில்லை. மஞ்சள் கண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டு, கொம்பும் ரோமமுமாய் நெருக்கி, மலையிலிருந்து ஊர் வரைக்கும் அவனைத் தள்ளிக்கொண்டே வருகின்றன. வரவழைக்கும் சொல் அவனுக்குத் தெரியும், விடுவிக்கும் சொல் தெரியாது. முழு நாவலும் இந்த ஒரு பக்கத்துக்குள் இருக்கிறது. பின்னால் வளர்ந்து, மந்திரம் கற்கும் தீவுக்குப் போய், கர்வத்தில் ஒன்றை அழைத்துவிடுவான். அதை அனுப்பத் தெரியாது.

அதற்கு முன்னால் ஒரு காட்சி. எதிரிப் படை கப்பலில் வந்து இறங்கி ஊர் ஊராக எரித்துக்கொண்டு மலையேறி வருகிறது. பையனின் ஊரில் ஆள் பலம் இல்லை, ஆயுதம் இல்லை. விடியற்காலையில் பள்ளத்தாக்கில் லேசாகப் புகை போலக் கிடக்கும் பனியைப் பார்க்கிறான். மழைக்காரன் ஒருவனிடம் எப்போதோ கற்ற சின்ன வித்தை ஞாபகம் வருகிறது. அந்தப் பனியை இழுத்து ஊரையே மூடுகிறான். வந்தவர்களுக்குத் தன் கை தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்கோ கண்ணைக் கட்டிவிட்டாலும் நடக்கத் தெரிந்த பாதைகள். படை சிதறி ஓடுகிறது, சிலர் மலை விளிம்பிலிருந்து விழுகிறார்கள். ஊர் பிழைத்தது. பையன் மட்டும் பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் சிலை மாதிரி நிற்கிறான். தன்னிடம் இருந்ததற்கு மேல் செலவழித்துவிட்டான். ஓகியன் என்ற பெரியவர் வந்துதான் அவனை மீட்கிறார்.

இதைப் படித்த அன்று மாலை கிளியூர் அருவிப் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. மாமா வாசலில் நின்று, “இன்னிக்கு பஸ் லைட் போட்டுக்கிட்டுத்தான் இறங்கணும்”னு சொன்னார். இருபது கொண்டை ஊசி வளைவையும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கும் டிரைவர்களை நினைத்தேன். லெ குவின் எழுதியது ஒன்றும் இல்லாத கற்பனை ஊர். ஆனால் பனிக்குள் உள்ளூர்க்காரன் நடக்கும் விதத்தை அவ்வளவு சரியாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளில் பெரும்பாலான மக்கள் நம்மைப் போலக் கறுத்தவர்கள், செம்பழுப்பு நிறத்தவர்கள். கதாநாயகனும் அப்படித்தான். கொள்ளையடிக்க வருபவர்கள்தான் வெள்ளைத் தோல்காரர்கள். 1968இல் அமெரிக்காவில் இருந்துகொண்டு, பதின்வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் இதை எழுதினார். லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் குரோபர் பெரிய மானுடவியலாளர். வேறு வேறு மக்கள் வேறு வேறு மாதிரி வாழ்கிறார்கள் என்பது அந்த வீட்டில் சாதாரணப் பேச்சாக இருந்திருக்கும்.

அப்புறம் பேய்க்கதை. ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’, 1959. எலனோர் என்ற பெண், வயது முப்பத்திரண்டு. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவள். அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டில் ஒரு மூலை, அவ்வளவுதான். பேய் ஆராய்ச்சி செய்யும் ஒரு டாக்டர் அழைத்தார் என்று ஹில் ஹவுஸுக்குக் கிளம்புகிறாள். அந்த வீட்டில் எந்த மூலையும் சரியான செங்கோணம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு இம்மி சாய்ந்திருக்கும். திறந்து வைத்த கதவு தானே மூடிக்கொள்ளும். இதில் ஒரு இரவுக் காட்சி. எலனோரும் தியோடோராவும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். இருட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுக்கிறது, குழந்தை அழுகிறது. எலனோர் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள், எலும்பு தெரியும் அளவுக்கு. தாங்க முடியாமல் கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தியோடோரா அறையின் அந்தப் பக்கத்தில், தன் கட்டிலில், தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் யார் கையை?

ரத்தம் இல்லை, உருவம் இல்லை. ஜாக்சன் பேயைக் காட்டவே மாட்டார். நாவல் முழுக்க என்னைக் கலங்க வைத்தது வேறு: எலனோருக்கு அந்த வீடு பிடித்துப்போகிறது. வாழ்நாளில் யாருமே அவளை “வா” என்று கூப்பிட்டதில்லை, வீடு கூப்பிடுகிறது. நம் வீடுகளில் பெற்றவரைப் பார்த்துக்கொள்ளவென்று கல்யாணம் தள்ளிப்போய், பிறகு அண்ணன் வீட்டுச் சமையலறையில் காலம் தள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருத்தியை ஒரு கெட்ட வீடு அன்போடு அழைத்தால் என்ன விலை கொடுப்பாள் என்பதுதான் கதை. சமீபத்தில் படித்ததில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

இதைப் படித்ததும் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை மறுபடி எடுத்தேன். பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். எழுத்தாளரான கணவனுக்கு ராத்திரியில் தூக்கம் வராமல், வாசனை ஒன்று வந்து வந்து போகிறது. நல்ல வாசனை, பிறகு தாங்க முடியாத வாடை. சிறுகதைதான், ஆனால் ஜாக்சனுக்கு முன்பே பேயைக் காட்டாமல் மூக்கு வழியாகப் பயத்தை ஏற்றியவர் நம் ஆள். பேய் எழுத்தில் தமிழ் எவ்வளவு பழுத்தது என்று தெரிய இன்னும் பின்னால் போகலாம். ‘கலிங்கத்துப்பரணி’யில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைப்பதற்கு முன் பல் விளக்குகின்றன. யானைத் தந்தம்தான் பல் குச்சி, செத்த யானையின் விலா எலும்புதான் நாக்கு வழிக்க. ஒரு குடும்பத்தின் காலை வேலை அத்தனையும் பிணக்களத்தில் ஒழுங்காக நடக்கிறது. செயங்கொண்டார் 12ஆம் நூற்றாண்டில் இதை எழுதினார்.

‘மணிமேகலை’யில் சக்கரவாளக் கோட்டத்துக் காதையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போய்விடுகிறான். பேய் ஒன்று பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக் குதூகலமாக ஆடுவதைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அம்மா கோதமை மகனைத் தூக்கிக்கொண்டு வந்து சம்பாபதி தெய்வத்தின் வாசலில் நிற்கிறாள். என் உயிரை எடுத்துக்கொள், அவன் உயிரைக் கொடு என்கிறாள். தெய்வம் முடியாது என்கிறது. அவள் விடுவதாக இல்லை. கடைசியில் சம்பாபதி, உலகத்தில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து அவள் முன்னால் நிறுத்துகிறாள். யாராலும் முடியாது என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். தன் உயிரையே விலையாகக் கொடுக்கத் தயாராக வந்த தாயிடம், இந்தப் பொருள் விற்பனைக்கே இல்லை என்று சொல்லும் காட்சி. இன்றைக்கு வரும் திகில் நாவல்களில் இவ்வளவு துணிச்சல் அபூர்வம்.

அறிவியல் புனைகதையில் இந்த முறை அதிகம் அசைபோட்டது ‘ரோட்சைட் பிக்னிக்’. சோவியத் ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1972இல் எழுதியது. வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்தார்கள், போய்விட்டார்கள். யாரும் அவர்களைப் பார்க்கவில்லை, அவர்களும் நம்மைக் கண்டுகொள்ளவில்லை. வந்த இடங்களில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் மட்டும் சிதறிக் கிடக்கின்றன. நாவலில் ஒரு விஞ்ஞானி சொல்வார்: ரோட்டோரம் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் போட்ட குப்பை அது, மறைவிலிருந்து எட்டிப் பார்க்கும் விலங்குகளும் பூச்சிகளும் நாம்.

அவர்கள் வந்துபோன இடத்துக்கு நாவலில் ‘மண்டலம்’ என்று பெயர். அதற்குள் திருட்டுத்தனமாக நுழைந்து சாமான் எடுத்து வருபவன் ரெட். எங்கே காலை வைத்தால் உடம்பு நசுங்கும், எங்கே எரியும் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பை நிறைய நட்டுகள் வைத்திருப்பான். ஒன்றை எறிவான். சாதாரணமாகப் போய் விழுந்தால் அதுவரை நடப்பான், எடுத்துக்கொண்டு அடுத்ததை எறிவான். ஒன்று வளைந்து, சட்டென்று மண்ணுக்குள் இழுபட்டுப் போனால் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஒரு பட்டறை நட்டை வைத்துக்கொண்டு பிரபஞ்சத்தின் மர்மத்தை அளக்கிறான் ஒரு கூலிக்காரன். இதைவிட நல்ல படிமம் அறிவியல் புனைகதையில் எனக்குத் தெரிந்து இல்லை. ஓமலூர்ப் பக்கம் போகும்போது மேக்னசைட் வெட்டி எடுத்த வெள்ளைப் பள்ளங்களைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, ஒரு புல் பூண்டு இல்லாமல், வெயிலில் கண் கூச. படிக்கும்போது அந்த இடம்தான் எனக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. விலை? மண்டலத்துக்குப் போய் வருபவர்களின் பிள்ளைகள் மாறிப் பிறக்கின்றன. ரெட்டின் மகள் உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறக்கிறாள். அவன் அவளைக் கொஞ்சும் இடங்களைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துச் சற்று வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’, 1979. காலப் பயணம், ஆனால் இயந்திரம் இல்லை, விளக்கம் இல்லை. 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் டேனா என்ற கறுப்பினப் பெண் தன் இருபத்தாறாவது பிறந்தநாள் அன்று தலை சுற்றி விழுகிறாள். எழும்போது அடிமைமுறை நடக்கும் பழைய மேரிலாந்தில் இருக்கிறாள். ஆற்றில் மூழ்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனைக் காப்பாற்றுகிறாள். அவன் பண்ணை முதலாளியின் மகன், இவளுடைய மூதாதை. அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவள் இழுக்கப்படுவாள். தன் உயிர் போகப்போகிறது என்று இவள் நிஜமாகவே நம்பும்போதுதான் திரும்ப முடியும். இரண்டே விதிகள். அவற்றுக்குள் நாவல் நம்மை அடைத்து வைத்துவிடுகிறது. முதல் வரியிலேயே, கடைசிப் பயணத்தில் ஒரு கையை இழந்துவிட்டேன் என்று டேனா சொல்லிவிடுகிறாள். விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதை ஏன் கொடுக்க வேண்டி வந்தது என்று கடைசிவரை படிக்க வைக்கிறார் பட்லர். தன் வம்சம் பிறக்க வேண்டுமானால் அந்தக் கொடுமைக்காரனை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற முடிச்சை, பரம்பரை, சாதி என்று பேசும் நம் ஊரில் வைத்துப் படித்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவ் சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ 2015இல் அறிவியல் புனைகதைக்கும் மாயக்கதைக்கும் தரும் ஹியூகோ விருது வாங்கியது. மொழிபெயர்ப்பு நாவலுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. சீனக் கலாச்சாரப் புரட்சியில் தன் அப்பா அடித்துக் கொல்லப்படுவதைப் பார்த்த பெண், மனிதர்கள் மேலேயே நம்பிக்கை இழந்து எடுக்கும் முடிவு வரை மிக நன்றாக இருக்கிறது. பிறகு யோசனைகள் பெரிதாகிக்கொண்டே போக, ஆட்கள் வெறும் பெயர்களாகிவிடுகிறார்கள். இயற்பியலில் ஆர்வம் இருந்தால் படியுங்கள். ஸ்டானிஸ்லாவ் லெமின் ‘சோலாரிஸ்’ (1961) கடினமானது, நடுவில் பக்கம் பக்கமாக ஆராய்ச்சி வரும். சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020) ஒரு நல்ல மனிதனைப் பற்றியது: முடிவே இல்லாத மண்டபங்கள் கொண்ட வீடு, கீழ்த்தளத்தில் கடல், எங்கும் சிலைகள், அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளுக்குக்கூட மரியாதையாக உணவும் பூவும் வைக்கிறான். மர்மம் மெல்ல அவிழும். நோட்டில் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியையும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்து எச். ஜி. வெல்ஸ் 1894இல் எழுதிய, ஆளின் ரத்தத்தைக் குடிக்கும் ஆர்க்கிட் பற்றிய சிறுகதையைப் படியுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை.

தமிழுக்கு வருகிறேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை நீங்கள் படித்திருப்பீர்கள்: குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி, ஜீனோ என்ற நாய், காணாமல்போகும் கணவன். அதைப் படித்தவர்கள் அடுத்ததாக எடுக்க வேண்டியது, யாரும் அறிவியல் புனைகதை அலமாரியிலோ மாயக்கதை அலமாரியிலோ வைக்காத ஒரு நாவல். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’, 2016. திருச்செங்கோடு, நாமக்கல் என்று நம் பக்கத்து மண்ணின் எழுத்தாளர். ராட்சத உருவத்தில் ஒரு மனிதர் எங்கிருந்தோ வந்து, உள்ளங்கையில் அடங்கும் கறுத்த குட்டி ஒன்றை ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். கிழவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கிழவி அதைப் பிழைக்க வைக்கப் படும் பாடு இருக்கிறதே, அந்தப் பக்கங்களில் ஆடு வளர்த்த ஒவ்வொரு வீடும் தெரிகிறது.

ஆனால் அது நம் ஊர் இல்லை. அங்கே ஓர் அரசாங்கம் இருக்கிறது. ஆடு பிறந்தால் பதிய வேண்டும், காதில் துளை போட்டு எண் மாட்ட வேண்டும், அதற்காகக் கால்கடுக்க வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அதிகாரியைப் பற்றிப் பேசவே பயப்படுகிறார்கள். ஜீனோவின் உலகத்தில் நிலா என்ற பெண் அனுமதிக்குக் காத்திருந்த மாதிரியே இங்கே ஒரு கிழவி ஆட்டுக்குட்டியோடு காத்திருக்கிறாள். பூனாச்சி வளர்ந்து ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடுகிறது. அற்புதம்தான். ஊரே திரண்டு வந்து பார்க்கிறது. ஏழு குட்டிக்கும் பால் எங்கிருந்து வரும், மழை பொய்த்த வருஷத்தில் ஏழுக்கும் தழை எங்கிருந்து வரும் என்று நாவல் விடாமல் கேட்கிறது. கஞ்சமலைக் கதையில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை இந்த நாவல் கேட்கிறது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது, ஆகவே ஆட்டைப் பற்றி எழுதினேன் என்ற பொருளில் முன்னுரையில் சொல்கிறார். முந்தைய நாவலுக்கு வந்த எதிர்ப்பில் எழுதுவதையே நிறுத்திவிட்டு, 2016இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வந்து எழுதிய நாவல் இது. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

இந்திரா சௌந்தர்ராஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958இல் சேலத்தில் பிறந்தவர், 2024 நவம்பரில் மறைந்தார். ‘விட்டு விடு கருப்பா’வையும் ‘ரகசியமாய் ஒரு ரகசிய’த்தையும் ‘மர்மதேசம்’ தொடராகப் பார்த்த தலைமுறை இன்றைக்கும் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கும். கருப்பு தண்டிக்கிறதா, மனிதன் தண்டிக்கிறானா என்று இரண்டு பக்கமும் சமமாக நம்ப வைத்து இழுத்துக்கொண்டு போவதில் அவருக்கு இணை இல்லை. வாராவாரம் எழுதிய அவசரம் சில நாவல்களின் முடிவில் தெரியும். அதனால் தொடக்கத்தில் அவர் கட்டும் ஊரின் உயிர்ப்பு குறைந்துவிடாது. ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ பேய்க்கதைகளும் ‘விசும்பு’ அறிவியல் கதைகளும் சிறுகதைகள்தான் என்றாலும் இந்த வரிசையில் வைக்க வேண்டியவை.

இனி, எதிலிருந்து தொடங்குவது. முதலில் ‘பூனாச்சி’, தமிழிலேயே. உடனே ‘எர்த்ஸீ’. ஆங்கிலம் தெளிவாக இருக்கும், புத்தகமும் மெலிது. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்டாதீர்கள், பத்துப் பக்கம் போனால் தானே பிடிபடும். அடுத்து ‘கிண்ட்ரெட்’, பேச்சு நடையில் வேகமாக ஓடும். அதற்குப் பிறகு ‘ரோட்சைட் பிக்னிக்’, பிறகு ‘ஹில் ஹவுஸ்’. ஜாக்சனின் வாக்கியங்கள் நீளமானவை, உள்ளுக்குள் ஒளிந்து விளையாடுபவை, அதனால்தான் பின்னால் வைக்கிறேன். ‘த்ரீ-பாடி’யும் ‘சோலாரி’ஸும் கடைசியில்.

புத்தகத்துக்குப் பணம் ஒரு தடையாக வேண்டாம். ‘மணிமேகலை’, ‘கலிங்கத்துப்பரணி’, புதுமைப்பித்தன் கதைகள் எல்லாம் மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெல்ஸின் கதைகளும் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலும் குட்டன்பெர்க் தளத்தில் இருக்கின்றன. ‘ஃபிராங்கன்ஸ்டை’னை மழை நாளில் படியுங்கள்: 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, மறுவருஷம் ஐரோப்பாவில் கோடையே வராமல் போய், ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பதினெட்டு வயதுப் பெண்ணின் மனதில் உதித்த நாவல் அது. மற்றவற்றைப் பழைய புத்தகக் கடைகளிலும் சேலம் புத்தகத் திருவிழாவிலும் தேடுங்கள். மாவட்ட நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

எதைத் தொடங்கினீர்கள், எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள், தம்பி. ‘பூனாச்சி’யை முடித்துவிட்டால், குட்டியைக் கிழவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாரே, அந்த ராட்சத மனிதர் யார் என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அக்காவும் மாமாவும் நானும் அதை வைத்து இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.